ஆள் நிற்காத ஏஜென்சி

சேலத்தில் வேலை தேடிக்கொண்டிருப்பவர்களிடம் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். ஒரே கம்பெனி மாதா மாதம் "ஆட்கள் தேவை, உடனே சேரலாம்" என்று விளம்பரம் போட்டுக்கொண்டே இருக்கிறது, அதுவும் அதே டிசைனர், அதே கன்டென்ட் ரைட்டர், அதே க்ளையன்ட் கோஆர்டினேட்டர் வேலைக்கு என்றால், கம்பெனி நன்றாக வளர்கிறது போலிருக்கிறது என்று நினைத்துப் போய்ச் சேர்ந்துவிடாதீர்கள். அந்த நாற்காலியில் போன மாதம் உட்கார்ந்திருந்தவர் ஏன் எழுந்து போனார் என்று விசாரித்துவிட்டுப் போங்கள்.

அப்படிப்பட்ட ஒரு விளம்பர ஏஜென்சியில்தான் நான் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம். ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் மாடியில் ஆபீஸ், இருபத்தைந்து பேர் உட்காரும் இடம். நகைக்கடைகள், ஜவுளிக்கடைகள், இரண்டு மூன்று ஆஸ்பத்திரிகள், பள்ளிக்கூடங்கள், ஓமலூர் ரோட்டிலும் அயோத்தியாப்பட்டணம் பக்கமும் வீட்டுமனை போட்டு விற்பவர்கள், இவர்கள்தான் க்ளையன்ட்கள். அவர்களுடைய ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கங்களைக் கவனிப்பது, பண்டிகைக்குப் போஸ்டர், ரீல்ஸ், ஹோர்டிங், பேப்பர் விளம்பரம் என்று எல்லாம் செய்வோம். தமிழில் எழுதுவதற்கென்று என்னை எடுத்தார்கள். எனக்கு மேலே இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போகப் போக, க்ளையன்ட்டிடம் பேசுவது, டிசைனர்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பது, பில் பணத்துக்கு நினைவூட்டுவது எல்லாம் என்னிடம் வந்து சேர்ந்தது. சம்பளம் மட்டும் சேர்ந்த அன்று பேசியதுதான்.

வேலை எனக்கு ரொம்பவும் பிடித்திருந்தது. ஐந்து ரோடு சிக்னலில் பஸ் நிற்கும்போது நிமிர்ந்து பார்த்தால், நான் எழுதிய வரி பெரிய எழுத்தில் தெரியும். பக்கத்து சீட்டில் இருப்பவர் அதை வாய்விட்டுப் படிப்பார். அந்தச் சந்தோஷத்துக்காகவே எங்களில் பலர் அங்கே தாக்குப்பிடித்தோம்.

எங்கள் எம்.டி. அடிக்கடி ஒன்று சொல்வார்: "இந்தக் காலத்துப் பசங்க எங்கயும் நிக்க மாட்டாங்க. ஆயிரம் ரூபா ஜாஸ்தி கொடுத்தா ஓடிருவாங்க." வேறு முதலாளிகளும் இதையே சொல்லிக் கேட்டிருக்கிறேன். நான் கண்ணால் பார்த்தது வேறு. அங்கிருந்து போனவர்களில் சிலர் அதைவிடக் குறைந்த சம்பளத்துக்குப் போனார்கள். ஒரு பெண் அடுத்த வேலை கையில் இல்லாமலே, வீட்டில் சும்மா இருந்தாலும் பரவாயில்லை என்று பேப்பர் போட்டாள். பணத்துக்காக ஓடினார்கள் என்று சொல்லிவிட்டால் முதலாளி தன்னைப் பற்றி எதுவும் யோசிக்க வேண்டியதில்லை. அதனால்தான் அந்தப் பேச்சு இவ்வளவு காலம் ஓடுகிறது.

ஆட்கள் ஏன் போனார்கள் என்பதை ஒரு நாள் வேலை நடந்த விதத்தைச் சொன்னாலே புரிந்துகொள்ளலாம். காலையில் ஒன்பதரைக்குள் நாங்கள் வந்துவிட வேண்டும். எம்.டி. சார் வருவது மதியத்துக்கு மேல். அவர் பார்த்து ஓகே சொல்லாமல் ஒரு எழுத்துகூட க்ளையன்ட்டுக்குப் போகக்கூடாது. காலை பதினொரு மணிக்கே போஸ்டர் தயாராகிவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுக் காத்திருப்போம். நீல டிக் வரும், பதில் வராது. மாலை ஆறு மணிக்கு, பெண்கள் பையை எடுக்கிற நேரத்தில், போன் வரும். "சிவப்பு வேண்டாம், பச்சை பண்ணு. லோகோ பெருசு பண்ணு. ரேட்டைக் கீழ கொண்டு வா." அதைச் செய்து அனுப்பினால் மறுபடியும் அமைதி. ராத்திரி பத்து மணிக்குக் குரூப்பில் வெறும் ஒரு கேள்விக்குறி மட்டும் போடுவார். யாரைக் கேட்கிறார், எதைக் கேட்கிறார் என்று தெரியாமல் நாலு பேர் நாலு வீட்டிலிருந்து பதில் சொல்வோம். மறுநாள் க்ளையன்ட் "பச்சை எங்கள் கடைக் கலரே இல்லையே" என்பார். உடனே மீட்டிங். "யாருப்பா பச்சை வெச்சது?"

அவர் கெட்ட மனிதர் என்று நான் சொல்லவில்லை. தொழில் தெரிந்தவர், தனியாளாக ஆரம்பித்து இவ்வளவு தூரம் கொண்டுவந்தவர். தனியாளாக இருந்தபோது எல்லாவற்றையும் தானே பார்த்த பழக்கம், இருபத்தைந்து பேர் வந்த பிறகும் மாறவில்லை. ஒருவரை நம்பி ஒரு வேலையை விடுவதும், அது தப்பாகப் போனால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வதும் அவருக்கு வரவே இல்லை. நடுவில் டீம் லீடர் என்று ஒருவரைப் போடுவார், ஆனால் முடிவெடுக்க விடமாட்டார். கீழே இருப்பவர்கள் அவரைக் கேட்பதா சாரைக் கேட்பதா என்று குழம்புவார்கள். திட்டு மட்டும் டீம் லீடருக்குப் போகும். நான் இருந்த காலத்தில் அந்த நாற்காலிதான் வேகமாகக் காலியானது.

எடப்பாடிப் பக்கத்துத் தம்பி ஒருவன் டிசைனராக இருந்தான். நகையை வெறும் மொபைலில் படம் பிடித்து வந்து கொடுத்தால்கூட, நிழலைச் சரி செய்து, கல்லில் ஒளி விழுகிற இடத்தை மட்டும் தூக்கிக் காட்டி, ஸ்டூடியோவில் எடுத்த மாதிரி ஆக்கிவிடுவான். நகைக்கடைக்காரர்கள் அவன் வேலை என்று தெரியாமலே அவன் வேலையைக் கேட்டு வாங்குவார்கள். ஒரு நாள் பெரிய க்ளையன்ட் ஒருவர் ஆபீஸுக்கே வந்து, இந்த டிசைன் யார் செய்தது என்று கேட்டார். சார் அந்தத் தம்பியின் தோளில் கையை வைத்து, "இவன் புதுப் பையன் சார், நான் பக்கத்துல உக்காந்து சொல்லிக் கொடுத்து பண்ண வெச்சேன்" என்றார். அப்போது அங்கிருந்த டிசைனர்களிலேயே அவன்தான் சீனியர். அவன் முகத்தை நான் பார்த்தேன். ஒன்றும் பேசவில்லை, திரும்பிக் கம்ப்யூட்டரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான். அந்த மாதமே பேப்பர் போட்டான். சம்பளம் கூட்டித் தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்றுவிட்டான்.

இந்தத் தம்பி போனதற்குப் பிறகு நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஆள் போவதால் ஒரு ஏஜென்சிக்கு எங்கே அடி விழுகிறது என்பது அதில் தெரியும். கோபத்தில் சார் அவனுடைய கடைசி மாதச் சம்பளத்தை நிறுத்தி வைத்தார். நோட்டீஸ் பீரியட் முழுதாக இருக்கவில்லை என்பது காரணம். இரண்டு வாரம் கழித்து ஒரு ஜவுளிக்கடையின் ஆடி ஆஃபர் விளம்பரத்தை ஃபேஸ்புக்கில் ஓடவிட வேண்டும். உள்ளே போனால் அந்தக் கடைப் பக்கத்தின் அட்மின் எங்களில் யாரும் இல்லை. அவசரத்துக்கு என்று எப்போதோ அவனுடைய சொந்த ஐ.டி.யில் இணைத்திருக்கிறார்கள். பாஸ்வேர்டை மாற்றப் பார்த்தால் ஓ.டி.பி. அவன் போனுக்குப் போகிறது. கடைக்காரர் கால் மணிக்கு ஒரு தரம் கூப்பிடுகிறார். சார் என்னிடம், "நீ கேளும்மா, நீ கேட்டா கொடுப்பான்" என்றார்.

நான் மொட்டை மாடிக்குப் போய்க் கூப்பிட்டேன். "அக்கா, என் சம்பளத்தை வெச்சுக்கிட்டு என்கிட்டயே ஓ.டி.பி. கேக்கறாங்களா?" என்றான். எனக்குப் பதில் இல்லை. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. அப்புறம் அவனே, "அந்தக் கடைக்காரர் என்ன பண்ணுவாரு, நம்பர் வந்துருச்சு, எழுதிக்கோங்க" என்று ஆறு எண்களையும் சொன்னான். அன்று அந்த விளம்பரம் ஓடியது. மாதக் கடைசியில் அவன் சம்பளப் பேச்சை நான் மறுபடியும் எடுத்தேன். "பாக்கலாம்" என்றார் சார். பார்க்கவில்லை.

பாஸ்வேர்டாவது கேட்டு வாங்கலாம். பழைய ஃபைல்கள் இன்னும் மோசம். தமிழ் போஸ்டர்களில் யூனிகோடு வருவதற்கு முந்தைய பழைய எழுத்துருக்களை இன்றும் பலர் பயன்படுத்துகிறார்கள், ஏனென்றால் டிசைன் சாஃப்ட்வேரில் அவை அழகாக உட்காரும். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் ஃபைலைத் திறந்தால் தமிழ் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் கலந்து கிடக்கும். எந்தக் கடைக்கு எந்த எழுத்துரு என்பது போனவருக்குத்தான் தெரியும். புதிதாக வந்த பெண் திரையைப் பார்த்து "அக்கா, இது என்ன பாஷை?" என்று கேட்டபோது, அவள் பக்கத்தில் உட்கார்ந்து முழுப் போஸ்டரையும் மறுபடியும் டைப் அடித்தேன். ஒருவர் போனால் ஒரு சம்பளம் மிச்சம் என்று மேலே கணக்குப் போடுவார்கள். இந்த மாதிரி வேலைகள் அந்தக் கணக்கில் வராது. மீதி இருப்பவர்கள் சாயங்காலங்களில்தான் அதை அடைப்பார்கள். பிறகு அவர்களும் களைத்துப் போய்ப் பேப்பர் போடுவார்கள். மழைக்காலத்து மண்சுவர் மாதிரி, ஒரு பக்கம் சரிந்தால் அந்தப் பாரம் பக்கத்துச் சுவரைத் தள்ளும்.

க்ளையன்ட்களுக்கும் இது தெரியாமல் இல்லை. செவ்வாப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வியாபாரம் செய்யும் ஒரு பெரியவர், நான் முதல்முறை பேசியபோது சொன்னது இது: "போன மாசம் ஒரு தம்பி பேசுனாப்ல. அதுக்கு முந்தி ஒரு பொண்ணு. இப்ப நீங்களா? நான் மறுபடியும் முதல்ல இருந்து சொல்லணுமாம்மா?" அவர் கேட்டது நியாயம். எந்தக் கொலுசு கல்யாணத்துக்கு எடுப்பார்கள், எது குழந்தைக்கு, எந்த மாதத்தில் வெளியூர் ஆர்டர் வரும் என்று ஒவ்வொரு புது முகத்துக்கும் பாடம் எடுத்துச் சலித்திருந்தார். ஏஜென்சி விற்பது இந்த நினைவைத்தான். க்ளையன்ட்டின் கடையைப் பற்றி அவர் சொல்லாமலே தெரிந்து வைத்திருக்கும் ஆளுக்குத்தான் மாதா மாதம் பணம் கொடுக்கிறார். அந்த ஆள் நிற்கவில்லை என்றால் அவரும் நிற்கமாட்டார். அந்தப் பெரியவர் பிறகு தன் மகனுக்குத் தெரிந்த இரண்டு பையன்களிடம் வேலையைக் கொடுத்துவிட்டார்.

ஏற்காட்டுக்கு ஒரு டூர் கூட்டிப் போனார்கள். எல்லோரும் நன்றாக உழைத்திருக்கிறீர்கள், ஜாலியாக இருங்கள் என்றார்கள். இருபது கொண்டை ஊசி வளைவும் பாட்டுப் பாடிக்கொண்டே ஏறினோம். பகோடா பாயிண்ட் போய்விட்டு வந்து சாப்பாடு முடிந்ததும், ரிசார்ட் ஹாலில் ப்ரொஜெக்டர் போட்டு ஒவ்வொருவருடைய டார்கெட்டையும் திரையில் காட்ட ஆரம்பித்தார்கள். "நாம எல்லாம் ஒரு குடும்பம், அதனால வெளிப்படையா பேசறேன்" என்று ஆரம்பித்து, பெயர் சொல்லிக் குறை சொன்னார்கள். அந்த வருடம் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டாள். இறங்கும்போது பஸ்ஸில் யாரும் பாடவில்லை. குடும்பம் என்று சொல்கிற இடத்தில் எதிர்த்துப் பேச முடியாது, கூடுதல் நேரத்துக்குக் கூலி கேட்க முடியாது, லீவு கேட்டால் மனஸ்தாபம் வரும். நேர்முகத்தில் யாராவது இந்த வார்த்தையைச் சொன்னால், வேலை நேரம் என்ன என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இன்படி ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். அதற்கு மேல் வேலை வாங்கினால் இரண்டு மடங்கு கூலி.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. சொல்லிக் கொடுத்தவர் என் சித்தப்பா. ஸ்டீல் பிளான்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், யூனியனில் இருந்தவர். சேர்ந்த மாதத்திலிருந்து கடைசி மாதம் வரை எல்லாச் சம்பளச் சீட்டையும் கயிறு கட்டிய ஃபைலில் வைத்திருப்பார். மூன்று நாள் பத்துப் பத்து நிமிஷம் லேட்டானால் அரை நாள் சம்பளம் பிடிக்கிறார்கள் என்று சொன்னபோது அவருக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "வராத நேரத்துக்கு ஏத்த மாதிரிதான் பிடிக்கலாம் கண்ணு. அரை மணி நேரத்துக்கு அரை நாளைப் பிடிக்க எந்தச் சட்டத்துலயும் இடமில்ல." அபராதம் என்று போட்டால்கூட அந்த மாதச் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, அதற்கும் முன்னால் விளக்கம் கேட்க வேண்டும் என்றார். பயிற்சிக் காலம் முடிந்து நல்லபடியாக வேலை பார்க்கிற ஒருத்தியை "நாளையில இருந்து வராதே" என்று அனுப்பிய கதையையும் சொன்னேன். 6 மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தக்க காரணம் இல்லாமல், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான சம்பளமோ தராமல் அனுப்ப முடியாது, 1947 சட்டத்தின் 41-ஆவது பிரிவைப் பார் என்றார். ஆபீஸில் இருந்த எல்லோருக்கும் நான் இதைச் சொன்னேன். சில பேர் பயந்தார்கள், சில பேர் எழுதி வைத்துக்கொண்டார்கள்.

அவர் கேட்ட இன்னொரு கேள்வி, "பி.எஃப். பாஸ்புக் பாத்தியா?" சம்பளச் சீட்டில் பி.எஃப்., அதாவது வருங்கால வைப்பு நிதி, என்று 12 சதவீதம் மாதா மாதம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அரசின் உமங் ஆப்பில் போய்ப் பார்த்தால் பல மாதங்கள் காலியாக இருந்தன. எங்களிடம் பிடித்ததையும் கம்பெனியின் பங்கையும் சேர்த்து அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டியிருக்க வேண்டும். பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பது கிரிமினல் குற்றம். நாங்கள் சில பேர் சேர்ந்து பி.எஃப். குறைதீர்ப்பு இணையதளத்தில், சீட்டின் படத்தையும் பாஸ்புக் படத்தையும் இணைத்துப் புகார் போட்டோம். சேலத்திலேயே பி.எஃப். மண்டல அலுவலகம் இருக்கிறது, அங்கிருந்து கம்பெனிக்கு விசாரணை போனது. பாக்கி கட்டப்பட்டது. கத்தல் எதுவும் தேவைப்படவில்லை. சம்பளச் சீட்டு கையில் இருந்ததுதான் காரணம். சீட்டு தராத இடமாக இருந்தால், பேங்க் ஸ்டேட்மென்ட்டையாவது மாதா மாதம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சர்டிஃபிகேட் விஷயத்துக்கு வருகிறேன். இதில்தான் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை. சேரும்போது பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட், டிகிரி எல்லாவற்றையும் ஒரிஜினலாக வாங்கி வைத்துக்கொண்டார்கள். நம்ம ஊரில் பல சின்ன கம்பெனிகளில் இது வழக்கம் மாதிரி ஆகிவிட்டது. இளம்பிள்ளையிலிருந்து வந்த ஒரு பெண் வேலையை விட்டாள். வீட்டில் கல்யாணம் பேசுகிறார்கள் என்று காரணம் சொன்னாள், உண்மையில் ராத்திரி வரை உட்கார வைப்பதும் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதும்தான் காரணம். ஒரிஜினலைக் கேட்டு அலைந்தாள். ஹெச்.ஆர். சாரைக் கைகாட்டும், சார் ஊரில் இல்லை. ஒரு நாள் அவள் அப்பாவே வந்தார். விசைத்தறி ஓட்டுபவர், சட்டையில் நூல் தூசி இருந்தது. ரிசப்ஷனில் நாற்காலி காலியாக இருந்தும் சுவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். "உக்காருங்கப்பா" என்றேன். "இருக்கட்டுங்க மேடம். பாப்பா பரீட்சைக்கு அப்ளை பண்ணணுமாம், அந்தச் சீட்டு மட்டும் குடுத்தா போயிருவனுங்க" என்றார். உள்ளே சார் இருந்தார். மீட்டிங் என்று சொல்லச் சொன்னார். அவர் மதியம் வரை நின்றார். ஒரு நாள் தறி நின்றால் அவர்களுக்கு அன்றைய கூலி இல்லை, இது சேலத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். மூன்று மணிக்கு நான் உள்ளே போய், கொடுக்காவிட்டால் அவர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறார், நானும் கூடப் போகிறேன் என்றேன். ஐந்து நிமிஷத்தில் கவர் வந்தது. அவர் என்னைக் கும்பிட்டார். அந்தப் பொண்ணு படித்து வாங்கிய சீட்டுக்கு அவர் யாரையும் கும்பிட வேண்டிய அவசியமே இல்லை.

ஒரிஜினலை யாருக்கும் கொடுக்காதீர்கள். சரிபார்க்க வேண்டும் என்றால் காட்டுங்கள், அவர்கள் எதிரிலேயே ஜெராக்ஸ் கொடுங்கள், ஒரிஜினலைக் கையோடு வாங்கி வாருங்கள். "எல்லோரும் கொடுத்திருக்காங்க" என்பார்கள். அப்படிச் சொல்கிற இடத்தில், எல்லோரையும் பிடித்து வைக்க வேண்டிய நிலைமை இருக்கிறது என்று அர்த்தம். ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால், பேப்பர் போடுவதற்கு முன்பே வேறு ஏதாவது தேவை சொல்லித் திருப்பி வாங்கிவிடுங்கள்.

நேர்முகத்துக்குப் போகிறவர்களுக்கு. "இந்த இடத்தில் முன்னால் இருந்தவர் எவ்வளவு காலம் இருந்தார், ஏன் போனார்?" என்று கேளுங்கள். பதிலைவிட, கேட்டதும் அவர்கள் முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். போனவர்களைப் பற்றி உங்களிடமே தரக்குறைவாகப் பேசினால், நாளைக்கு உங்களைப் பற்றியும் அப்படித்தான் பேசுவார்கள். டிசைனை யார் அப்ரூவ் செய்வார்கள், அவர் எத்தனை மணிக்கு ஆபீஸ் வருவார் என்று கேளுங்கள். இது அற்பமான கேள்வி மாதிரி தோன்றும், ஆனால் நீங்கள் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போவீர்கள் என்பது அதில்தான் இருக்கிறது. முடிந்தால் கீழே டீக்கடைக்குப் போய் ஒரு டீ குடியுங்கள். மேலே வேலை பார்க்கிறவர்கள் அங்கே வருவார்கள், இரண்டு வார்த்தை பேசினால் போதும். டீக்கடை அண்ணனுக்கே தெரியும். எங்கள் ஆபீஸுக்குக் கீழே இருந்தவர், "புதுசா? வாங்க வாங்க. எத்தனை நாளைக்குன்னு பாக்கலாம்" என்றுதான் என்னை வரவேற்றார்.

உள்ளே இருக்கிறவர்களுக்கு ஒரு பழக்கத்தைச் சொல்வேன். போனில் சொன்ன ஒவ்வொரு மாற்றத்தையும் வாட்ஸ்அப்பில் திருப்பி எழுதிவிடுங்கள்: "சார், நீங்கள் சொன்னபடி பச்சைக்கு மாற்றுகிறேன், ரேட் கீழே வருகிறது." அவர் பதில் போடாவிட்டாலும் அது அங்கே கிடக்கும். நான் இதை ஆரம்பித்த பிறகு "யார் வெச்சது" மீட்டிங்குகள் பாதியாகக் குறைந்தன. க்ளையன்ட் பக்கங்களைச் சொந்த ஐ.டி.யில் இணைக்கச் சொன்னால் மறுத்து, கம்பெனிக்கு ஒரு பொது மெயில் வைக்கச் சொல்லுங்கள். உங்களுக்கும் பின்னால் தொல்லை இருக்காது.

கிளம்பும்போது ராஜினாமாவை மெயிலில் கொடுங்கள், வாயால் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். ஃபைல் எங்கே இருக்கிறது, பாஸ்வேர்டு என்ன, எந்தக் கடைக்கு எந்த எழுத்துரு என்று ஒரு பக்கம் எழுதி அதையும் மெயிலில் அனுப்புங்கள். முதலாளிக்காக இல்லாவிட்டாலும் அடுத்து வருகிற பிள்ளைக்காகச் செய்யுங்கள். சம்பளப் பாக்கியை "நாற்பத்தைந்து நாள் கழிச்சு" என்று சொல்வது எங்கள் வட்டாரத்தில் வாய்ப்பாடு ஆகிவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, ராஜினாமா செய்தாலும் நீக்கப்பட்டாலும் 2 வேலை நாட்களுக்குள் பாக்கியைக் கொடுக்க வேண்டும். தரவில்லை என்றால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுங்கள். பி.எஃப். கணக்கில் நீங்கள் விலகிய தேதியைக் கம்பெனி பதியாமல் இழுத்தடித்தால், கடைசியாகப் பணம் கட்டியதிலிருந்து 2 மாதம் கழித்து நீங்களே இணையதளத்தில் பதியலாம்.

"சேலத்துல எங்கயும் வேலை கிடைக்காது, பாத்துக்க" என்று போகிறவர்களிடம் சொல்வார்கள். என்னிடமும் சொன்னார்கள். ஊர் சின்னதுதான், ஒருத்தருக்கொருத்தர் தெரிந்தவர்கள்தான். ஆனால் அதே காரணத்தால் எந்த ஆபீஸில் ஆள் நிற்பதில்லை என்பதும் எல்லோருக்கும் தெரியும். அடுத்த நேர்முகத்தில் என் பயோடேட்டாவைப் பார்த்தவர், "அங்கயா இருந்தீங்க? அங்க தாக்குப்பிடிச்சிருக்கீங்கன்னா இங்க தைரியமா இருக்கலாம்" என்றுதான் சொன்னார்.

இப்போது இருப்பது அழகாபுரத்தில் ஒரு சின்ன டிசைன் யூனிட். சம்பளம் பெரிதாக ஒன்றும் உயரவில்லை. இங்கே ஓனர் காலையில் பத்தரைக்கு உட்கார்ந்து அன்றைய டிசைன்களைப் பார்த்து முடித்துவிடுவார். பிறகு வருகிற திருத்தத்தை நாங்களே முடிவு செய்யலாம். திட்டினாலும் கதவைச் சாத்திவிட்டுத்தான் திட்டுவார். யாராவது பேப்பர் போட்டால் கூப்பிட்டு உட்கார வைத்து, "எதைச் சரி பண்ணியிருந்தா இருந்திருப்ப?" என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொள்வார். போன வருடம் ஒரு பெண் "சனிக்கிழமை சாயங்காலம் விட்டாப் போதும்ணா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் போய்விட்டாள், ஆனால் இப்போது எங்களுக்குச் சனிக்கிழமை நான்கு மணி வரைதான் ஆபீஸ். ஏஜென்சி நடத்துகிறவர்கள் இதைப் படித்தால், உங்களிடமிருந்து கடைசியாகப் போன மூன்று பேருக்குப் போன் போட்டு இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பாக்கி ஏதாவது இருந்தால் அதை முதலில் கொடுத்துவிட்டுக் கூப்பிடுங்கள்.

காலேஜ் முடித்து வருகிற பிள்ளைகள் என்னிடம் கேட்பது எப்போதும் ஒன்றுதான். "அக்கா, முதல் வேலை, ஒரு வருஷமாவது இருக்கணும்னு சொல்றாங்களே, ரெஸ்யூம்ல கேப் விழுந்தா?" வேலை கடினமாக இருப்பதால் சோர்வு வருகிறது என்றால் இருங்கள், கற்றுக்கொள்ளுங்கள். முதல் ஆறு மாதம் எல்லோருக்கும் கஷ்டம்தான். ஆனால் சம்பளம் தேதி தவறுகிறது, பி.எஃப். கட்டவில்லை, நாலு பேர் முன்னால் அவமானப்படுத்துகிறார்கள், ராத்திரி போன் சத்தம் கேட்டாலே வயிற்றைப் பிசைகிறது என்றால் ஒரு வருடம் என்ற கணக்குக்காக உட்கார்ந்திருக்காதீர்கள். வீட்டில் சொல்லுங்கள். மூன்று மாதச் செலவுக்குப் பணம் சேர்ந்ததும், அல்லது அடுத்த வேலைக்கான கடிதம் கையில் வந்ததும் கிளம்புங்கள். கோயம்புத்தூர், பெங்களூர் போக முடியாதவர்களுக்கு இங்கேயே ஜாகீர் அம்மாபாளையத்தில் ஐ.டி. பார்க் இருக்கிறது, கருப்பூரில் மினி டைடல் பூங்கா 2024-இல் திறந்திருக்கிறார்கள், வீட்டிலிருந்தே வெளியூர் ஏஜென்சிகளுக்கு வேலை செய்து கொடுக்கும் பிள்ளைகளும் அம்மாபேட்டையிலும் குகையிலும் நிறைய இருக்கிறார்கள். நேர்முகத்தில் ஏன் சீக்கிரம் விட்டீர்கள் என்று கேட்டால், பழைய இடத்தைத் திட்டாமல், "வேலை நேரமும் பி.எஃப்.பும் பேசியபடி இல்லை" என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, நீங்கள் செய்த டிசைனையோ எழுதிய வரியையோ எடுத்துக் காட்டுங்கள். காட்டுவதற்கு ஏதாவது இருக்க வேண்டும், அதனால் செய்த வேலையின் படத்தை வாரா வாரம் சேர்த்து வைத்துக்கொண்டே வாருங்கள்.